கல் இல்லாத நாட்டின் ரயில் கம்பெனி மலையேறியது

காவிரிக்கரைத் தண்டவாளங்கள் – 17

தஞ்சாவூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் வரை, எங்கே தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான் வரும். ஏர் உழும்போது ஒரு கருங்கல் தட்டுப்பட்டால் அது யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட கல்லாகத்தான் இருக்கும். பெரிய கோயிலின் கருங்கல் அத்தனையும் மேற்கிலிருந்து, திருச்சி, புதுக்கோட்டைச் சீமையின் பாறைகளிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்கு எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் தண்டவாளம் போட வந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனிக்கும் கல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. நாகப்பட்டினத்தில் தொடங்கி, கீழ்வேளூர், திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம், சாலியமங்கலம் என்று வயல்களின் நடுவே மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டே போய், 1861–62-ல் 125 கிலோமீட்டர் தாண்டித் திருச்சியைத் தொட்டது அந்தப் பாதை. மேட்டுக்காக மண் எடுத்த பள்ளங்கள் பல இடங்களில் பாதையோரக் குட்டைகளாக இன்றும் கிடக்கின்றன. மழைக்காலத்தில் ரயிலிலிருந்து பார்த்தால் தண்டவாளத்துக்கும் வரப்புக்கும் நடுவே நீளவாக்கில் தெரியும் தண்ணீர் பெரும்பாலும் அதுதான்.

இந்தப் பாதையின் பொறியாளர்களுக்கு இருந்த பெரிய கவலை தண்ணீர். எந்த மதகு எவ்வளவு தண்ணீரை விடும், எந்த வாய்க்காலின் குறுக்கே எத்தனை கண் பாலம் வேண்டும், ஐப்பசியில் வெண்ணாற்றின் கிளைகள் கரை புரண்டால் ரயில் மேடு எங்கே கரையும் என்பதைத்தான் அவர்கள் ஆண்டுதோறும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் காட்டியது. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்துச் செல்ல, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதை இந்தத் தொடரில் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இதே கம்பெனியின் இன்னொரு முகம். மண்ணையும் வெள்ளத்தையும் மட்டுமே பார்த்துத் தொழில் கற்ற ஒரு நிர்வாகம், தன் தலைக்கு மேல் பாறை தொங்கும் பாதைகளுக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது. அங்கே அது எதை எதிர்கொண்டது, அதன் வாரிசுகள் இன்றும் எதை எதிர்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

1874-ல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆயின. மறு ஆண்டில் நாகப்பட்டினம் பாதை அகலப்பாதையிலிருந்து மீட்டர் கேஜுக்கு மாறியது, தலைமையகமும் நாகையை விட்டுத் திருச்சிக்குப் போனது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கம்பெனியின் கை நான்கு பக்கமும் நீண்டது. 1904-ல் செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் துளைத்துப் புனலூர் வழியாகக் கொல்லம் போகும் பாதை திறக்கப்பட்டது. 1908-ல் மதராஸ் ரயில்வே பிரிக்கப்பட்டபோது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலைப்பாதையும் தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அது உதகமண்டலம் வரை நீண்டது. நாகப்பட்டினம் பட்டறையில் பழகிய கைகளுக்கு இப்போது பல்சக்கர இன்ஜின்கள் வந்து சேர்ந்தன. அந்தப் பட்டறையின் வாரிசாக 1928-ல் எழுந்த பொன்மலைப் பட்டறைதான் இன்றுவரை நீலகிரி நீராவி இன்ஜின்களைப் பராமரிக்கிறது, புதிதாகச் செய்தும் கொடுத்திருக்கிறது.

இன்ஜினைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் இரட்டைப் பல்வரிசை, கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து, 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள், 2005-ல் யுனெஸ்கோ அளித்த உலகப் பாரம்பரியத் தகுதி எல்லாம் சுற்றுலாக் கையேடுகளில் வந்துவிட்டன. ஆனால் அந்த ரயிலின் ஜன்னல் வழியே கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கிறதே ஒரு பாறைச் சுவர், அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ரயில் ஓடுமா நிற்குமா என்பதைப் பல சமயங்களில் முடிவு செய்வது அந்தச் சுவர்தான். அதன் வரலாறு தண்டவாளம் போடுவதற்கு முன்பே, முதல் வேட்டு வைத்த நாளில் தொடங்குகிறது.

அந்தக் காலத்து வேட்டு எப்படி வைக்கப்பட்டது என்று பார்ப்போம். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீண்ட இரும்பு உளியைப் பாறைமேல் நிறுத்திப் பிடித்துக்கொள்வார். எதிரும் புதிருமாக நிற்கும் இருவர் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் உட்கார்ந்திருப்பவர் உளியைச் சிறிது திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் உளி சிக்கிக்கொள்ளும், அடி பிசகினால் அவர் கை போகும். துளைக்குள் தண்ணீர் ஊற்றி, சேறாக வரும் கல்மாவை நீளக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். சில அடி ஆழத்துக்கு ஒரு தமர், அதாவது வேட்டுத்துளை, இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு கருமருந்தைக் கொட்டி, திரியைச் செருகி, மேலே களிமண்ணைத் திணித்து, மரக்கட்டையாலோ செம்புக் கம்பியாலோ இடிப்பார்கள். இரும்பால் இடித்தால் பொறி பறந்து மருந்து அங்கேயே வெடிக்கும். அடுத்தடுத்த தமர்களின் திரிகளைக் கொளுத்திவிட்டுக் கத்திக்கொண்டே ஓட வேண்டும். ஓடி ஒளிந்தபின் எத்தனை வெடித்தது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால், வெடிக்காத அந்தத் தமர் அருகே முதலில் போகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

வில்லியம் பிக்ஃபோர்டின் பாதுகாப்புத் திரி 1831-ல் வந்த பிறகு சாவு ஓரளவு குறைந்தது. ஆல்ஃபிரெட் நோபலின் டைனமைட் 1867-ல் வந்தது. ஆனால் இந்தியாவின் முதல் பெரிய மலைப்பாதை அதற்கு முன்பே கருமருந்தால் வெட்டி முடிக்கப்பட்டுவிட்டது. பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையிலான போர் காட் அது. நாகை–திருச்சி பாதை வயல்களின் நடுவே போடப்பட்ட அதே ஆண்டுகளில், 1861 தொடக்கத்தில், அங்கே ஒரே சமயத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 25 குகைகள். ஆயிரக்கணக்கானோர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் பலியானார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் வந்திறங்கிய சில வாரங்களில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து நடத்தினார். 1863-ல் பாதை திறக்கப்பட்டது. அங்கே முதலில் ஒப்பந்தம் எடுத்திருந்த வில்லியம் ஃபேவியல்தான் பிறகு இலங்கையில் கொழும்பு–கண்டி பாதையைக் கட்டினார். அது 1867-ல் கண்டியை எட்டியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பக்கம் குடைந்த பாறை, மறுபக்கம் அதல பாதாளம். மலையகத் தோட்டங்களுக்குத் தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து போன நம் மக்கள் பல தலைமுறைகளாக அந்தப் பாறைக்கு அடியில்தான் பயணம் செய்தார்கள்.

இந்தப் பாதைகள் எல்லாவற்றிலும் பாறை வெட்டுக்குக் கூலி, எவ்வளவு கல் வெளியே வந்தது என்ற அளவில்தான். கன கஜக் கணக்கு. எனவே ஒப்பந்தக்காரர்கள் துளையைக் குறைத்து மருந்தைக் கூட்டினார்கள். வெளியே வரும் கல்லுக்குப் பணம் உண்டு. உள்ளே நிற்கும் கல் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குக் கணக்கேட்டில் இடமே இல்லை. என் பார்வையில் மலைப்பாதைகளின் வரலாற்றிலேயே பெரிய தவறு இதுதான். ஏனென்றால் கருமருந்து எரியும்போது கிளம்பும் வாயு, பாறையில் ஏற்கெனவே இருக்கும் இணைப்புக் கோடுகளுக்குள் புகுந்து அவற்றை நெம்பித் திறக்கிறது. டைனமைட்டின் அதிர்ச்சி அலை இல்லாத விரிசலையும் உண்டாக்குகிறது. வெட்டி எடுத்த பாறை வண்டியில் போய்விடும். வெட்டுமுகத்துக்குப் பின்னால் சில அடி ஆழத்துக்கு நொறுங்கிப்போன பாறை அங்கேயே நிற்கும். திறப்பு விழா நாளில் அது பார்க்கத் திடமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு மழை அதற்குள் இறங்கும். விரிசலில் நிற்கும் தண்ணீர் பாறையைப் பின்னாலிருந்து வெளியே தள்ளும். அத்தி, ஆல் வகை மரங்களின் வேர் அதே விரிசலைத் தேடிப் பிடிக்கும். விரிசலில் படியும் களி வழுக்கும். பாறையின் அடுக்கு அல்லது இணைப்புக் கோடு பாதையை நோக்கிச் சாய்ந்திருந்தால், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் துண்டைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். முப்பது ஆண்டுகள் நிற்கலாம், நூறு ஆண்டுகள் நிற்கலாம். ஒருநாள் இரவு விழும்.

நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பாறை சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் அதே வகைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருந்த கல்லை வைத்து தாமஸ் ஹாலண்ட் அதற்குப் பெயர் சூட்டினார். நல்ல நிலையில் அது இரும்பு மாதிரி. ஆனால் மலையின் ஈரத்தில் பல லட்சம் ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து மேற்பகுதி செம்மண்ணாகிவிட்டது. சிதையாமல் மிச்சப்பட்ட நடுப்பகுதிகள் அந்த மண்ணுக்குள் உருண்டைப் பாறைகளாகப் புதைந்து கிடக்கின்றன. மழை மண்ணைக் கரைக்கும்போது அவை வெளியே தலை நீட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழையை நேராக நெஞ்சில் வாங்கும் கிழக்குச் சரிவில்தான் ரயில் பாதை ஏறுகிறது. 1978-லும் 1979-லும் பெரும் சரிவுகள் வந்தன. 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கத்தில் மலை இறங்கி மேட்டுப்பாளையம் சாலையையும் ரயில் பாதையையும் உடைத்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலை முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்ட சாவுகள், மாதக்கணக்கில் நின்றுபோன மலை ரயில்.

இப்படித் தொங்கும் பாறையை என்ன செய்வது? முதலில் தோன்றும் யோசனை மறுபடியும் ஒரு வேட்டு வைத்து இறக்கிவிடுவது. அங்கேதான் ஆபத்து. பழைய முறையில் வேட்டு வைத்தால் தொங்கும் பாறை விழும், பின்னால் இருக்கும் பாறை புதிதாக நொறுங்கும். நோய்க்குக் கொடுத்த மருந்தே அடுத்த நோயைக் கொண்டுவரும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் அதே வேலை திரும்பவும் வரும்.

இதற்கு விடை இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கிடைத்தது. ஸ்வீடனில் குகைகள் குடையும் பொறியாளர்கள், வெட்டுமுகத்தின் ஓரத் துளைகளில் மட்டும் மருந்தைக் குறைத்துத் துளைகளை நெருக்கினால் சுவர் வழவழப்பாக நிற்பதைக் கண்டார்கள். அதே 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நயாகரா நீர்மின் திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதன்மை வெடிப்புக்கு முன்பே, எந்தக் கோட்டில் பாறை நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் ஒரு வரிசைத் துளைகளை மட்டும் வெடித்துப் பாறையைப் பிளந்துவிட்டார்கள். முன்பிளவு முறை என்று சொல்லலாம்.

அது நடக்கும் விதம் இப்படி. சுமார் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக, துல்லியமான ஒரே சாய்வில் இறக்குகிறார்கள். துளை கோணினால் சுவரும் கோணும், ஆகவே துளையிடுபவரின் கைதான் இதில் பாதி வேலை. துளையை மருந்தால் நிரப்புவதில்லை. துளையைவிட மிக மெல்லிய தோட்டாக்களை வெடிக்கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தோட்டாவைச் சுற்றி இருக்கும் காற்று, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு சுவரை நொறுங்காமல் காக்கிறது. வரிசை முழுவதையும் ஒரே கணத்தில் வெடிக்கும்போது, துளைக்குத் துளை ஒரு விரிசல் நேர்கோட்டில் ஓடுகிறது. தபால்தலைத் தாளில் துளை போட்ட கோட்டில் கிழிவது போலத்தான். அதற்குப் பிறகு முன்னால் இருக்கும் பாறையை உடைக்கும் முதன்மை வேட்டுகள் வெடிக்கும்போது, அவற்றின் அதிர்ச்சியும் வாயுவும் அந்த விரிசலைத் தாண்டிப் பின்னால் போவது பெருமளவு தடைபடுகிறது.

நல்ல வேலையா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். புழுதி அடங்கியதும் சுவரைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு துளையின் பாதிக் குழாயும் மேலிருந்து கீழே வரை சுவரில் அப்படியே பதிந்து நின்றால் பாறை காயப்படவில்லை என்று அர்த்தம். எத்தனை மீட்டர் துளை போட்டோம், அதில் எத்தனை மீட்டர் தடம் சுவரில் தெரிகிறது என்று அளந்து சதவீதம் போட்டு வேலையின் தரத்தைச் சொல்வார்கள். மலைச்சாலைகளில் போகும்போது பாறை முகத்தில் வரிவரியாக இணையான பள்ளங்கள் தெரிந்தால், அங்கே நின்று ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். யாரோ ஒரு துளைக்காரரின் கைச்சுத்தம் அது.

ஓடும் ரயில் பாதைக்கு மேலே இதைச் செய்வது இன்னும் கடினம். போக்குவரத்தை நிறுத்தி பிளாக் வாங்க வேண்டும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கிடைத்த நேரத்துக்குள் வெடித்து, விழுந்ததை அள்ளி, தண்டவாளத்தைச் சோதித்து, ரயிலை விட்டாக வேண்டும். ஆகவே ஒரே நாளில் மலையைச் சரிசெய்ய முடியாது, சில கன மீட்டர்களாகத்தான் போக முடியும். தண்டவாளத்தின் மேல் மண்ணும் மணல் மூட்டையும் பரப்பி, பழைய ஸ்லீப்பர்களை அடுக்கி மூட வேண்டும். ஆப்ட் பாதையாக இருந்தால் நடுவே ஓடும் பல்வரிசைக்கு ஒரு கல் பட்டாலும் பிரச்சினை. துளை வாய்களின் மேல் மணல் மூட்டையும் கம்பி வலையும் பழைய ரப்பர் பெல்ட்டுகளும் போட்டு அமுக்கினால்தான் கல் பறக்காது.

அதிர்வு இன்னொரு கவலை. பக்கத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய நூற்றாண்டுப் பாலம் இருக்கலாம், கீழே கிராமம் இருக்கலாம். முதன்மை வேட்டுகளின் மருந்து எல்லாவற்றையும் ஒரே கணத்தில் வெடிக்காமல், துளைக்குத் துளை 17 அல்லது 25 மில்லி செகண்டு தாமதம் வைத்து வெடித்தால் நிலம் உணரும் அதிர்ச்சி சிறு சிறு துண்டுகளாகிவிடுகிறது. காதுக்கு ஒரே சத்தம்தான். ஆனால் பாலத்துக்கு அது பத்துத் தனித்தனி சிறிய வேட்டுகள். இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ல் வகுத்த வரம்பு, தாழ்ந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர், பழமையான நொய்ந்த கட்டடங்களுக்கு 2 மில்லிமீட்டர். சுரங்கத்துக்கு எழுதிய அந்த வரம்பையே மற்ற வேலைகளிலும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்மயமான பாதையில் 25,000 வோல்ட் கம்பி தலைக்கு மேல் ஓடும்போது, சாதாரண மின் டெட்டனேட்டரைத் தூண்டப்பட்ட மின்சாரமே வெடிக்க வைத்துவிடலாம். அதனால் மின்சாரம் இல்லாமல் அதிர்ச்சி அலையைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் பயன்படுகின்றன.

வெடிப்பதோடு வேலை முடிவதும் இல்லை. தளர்ந்ததை எடுத்த பிறகு, நிற்கும் பாறையில் ஆழமாகத் துளையிட்டு இரும்புக் கம்பி செருகிக் காரை செலுத்தி உள்பாறையோடு தைக்க வேண்டும். முகத்தில் கம்பி வலை போர்த்த வேண்டும். மேல் விளிம்புக்கு அப்பால் வடிகால் வெட்டி மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் திருப்ப வேண்டும். உயரமான சுவரைப் படிப்படியாக வெட்டி, விழும் கல் படியிலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் இவற்றில் முதலிடம் வடிகாலுக்குத்தான். பணம் குறைவாக இருக்கும் இடத்தில் மற்றதைத் தள்ளிப்போட்டாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீருக்கு வழி விடாத ரயில் மேடு எப்படிக் கரையும் என்று வெண்ணாற்றுப் பாசனத்தில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெடியே இல்லாமல் முடிகிற இடத்தில் வெடி வைக்காதிருப்பதும் இந்தக் கலையின் பகுதி. போர் காட்டில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் மலை கேங் என்று தனிக் குழு கயிறு கட்டி இறங்குகிறது. கடப்பாறையால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டு, தளர்ந்த பாறையை அடையாளம் கண்டு, பிளாக் நேரத்தில் நெம்பித் தள்ளுகிறது. திடமான பாறை கணீர் என்று ஒலிக்கும், பிரிந்து நிற்பது பொத்தென்று கேட்கும். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அவசரமாக வைத்த வேட்டுகளின் மிச்சத்தை அந்தக் குழு கையால் பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

புதிய பாதைகள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டனவா என்றால், கொங்கண் ரயில்வேயின் அனுபவம் வருத்தம் தருவது. 1998-ல் முழுதாகத் திறந்த பாதை அது. சஹ்யாத்ரி மலையை வெட்டி, உயரமான கட்டிங்குகளின் நடுவே வேகமாக ரயில் ஓட்டினார்கள். 2003 ஜூன் 22 இரவு, வைபவ்வாடி அருகே, கார்வாரிலிருந்து மும்பை போன சிறப்பு ரயில் சரிந்து கிடந்த பாறையில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் ஆண்டு கூட முழுதாகவில்லை. 2004 ஜூன் 16 அன்று மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் கரஞ்சாடி அருகே பாதையில் கிடந்த பாறைகளில் மோதிப் பாலத்திலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் சரிவுகளைச் சாய்வாக்கி வெட்டுவதும் வலை போர்த்துவதும் கம்பி தைப்பதும் பெரிய அளவில் நடந்தன. மழைக்காலத்துக்கென வேகம் குறைத்த தனிக் கால அட்டவணையும் உறுதியாகப் பின்பற்றப்பட்டது. நயாகராவில் முன்பிளவு முறை நிரூபிக்கப்பட்டு அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அறிவு இருந்தது, காசும் நேரமும் அதற்கு ஒதுக்கப்படவில்லை. பல குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன.

நம் பழைய கம்பெனியின் செங்கோட்டைப் பாதைக்கு வருகிறேன். 1904-ல் மீட்டர் கேஜுக்காக வெட்டிய கட்டிங்குகளும் குகைகளும் 2010 வரை அப்படியே பயன்பட்டன. அந்த ஆண்டு அகலப்பாதைக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2018-ல்தான் செங்கோட்டை–புனலூர் பகுதி மறுபடி திறந்தது. 50 கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு எட்டு ஆண்டுகள் என்று பலரும் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் 37-க்கு 1 என்று ஏறும் மலையில், பழைய குகைகளை அகலப்படுத்தி, நூற்றாண்டு கண்ட கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைக் காப்பாற்றி, பழைய சுவர்களைப் புதிய கோட்டுக்குச் செதுக்குவது வயலில் பாதை போடுவதைப் போன்ற வேலை அல்ல. நாகையிலிருந்து திருச்சி வரை 125 கிலோமீட்டரை நம் முன்னோர் சில ஆண்டுகளில் முடித்தார்கள் என்று ஒப்பிடுவதற்கு இங்கே இடமில்லை.

இன்று எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணி வரும் ரயில் இந்தக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. மலையில் பின்னாலும் ஓர் இன்ஜின் தள்ள, பாறைச் சுவர்களின் நடுவே ஏறிக் கடந்து, செங்கோட்டையில் இறங்கி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை தாண்டி நம் வயல்களுக்குள் நுழைகிறது. பட்டுக்கோட்டை வழியான அந்தப் பாதை, தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் மிராசுதார்களிடமும் குடியானவர்களிடமும் நிலவரியோடு வசூலித்த செஸ் பணத்தில் போட்டது. மாயவரம்–முத்துப்பேட்டை 1894-ல் திறந்தது, அடுத்த பத்தாண்டுக்குள் அறந்தாங்கி வரை நீண்டது. கரையோர மண்மேடும் கணவாயின் பாறைச் சுவரும் ஒரே பயணச்சீட்டில் வந்துவிடுகின்றன. அந்த மேட்டின் மேல் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியும் எங்கோ மேற்கே ஒரு பாறையில் தமர் போட்டு வேட்டு வைத்து உடைத்ததுதான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி ஏற்பாடு. இரவு ரோந்து போகும் டிராக்மேன்கள் தங்கள் பகுதியில் நடந்துகொண்டே இருப்பார்கள். டெல்டாவில் அவர்கள் கீழே பார்த்து நடப்பார்கள், மேடு அரிக்கிறதா, பாலத்துக் கண்ணில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்டதா என்று. கல்லாறுக்கு மேலேயும் செங்கோட்டைக்கு மேற்கேயும் மேலே பார்த்து நடப்பார்கள். இருவர் பையிலும் விளக்கு, சிவப்புக் கொடி, தகர டப்பியில் டெட்டனேட்டர். பாறை வெடிக்கும் சாமான் அல்ல அது, தண்டவாளத்தின் தலையில் கட்டிவைக்கும் சிறிய வட்டமான வேட்டு. சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். பாதையில் பாறையோ உடைப்போ கண்டால், ரயில் வரக்கூடிய திசையை நோக்கி ஓடி, அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைத்துவிட்டு, விளக்கைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி.

(தொடரும்)